சாலோபுங்காவில் வீடு நடக்கும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஈஸ்ட்ஹாமுக்கும் ஃபாரஸ்ட் கேட்டுக்கும் இடையில் வாழ்ந்த தமிழர்களுக்கு இந்தப் பூமியில் மூன்று ஊர்கள் துல்லியமாகத் தெரிந்திருந்தன. ஒன்று, பிறந்த ஊர். மற்றது லண்டன். மூன்றாவது, இந்தோனேசியாவில் சுலாவெசித் தீவின் தென்பகுதியில், ஓர் ஏரியை ஒட்டிக் கிடக்கும் சாலோபுங்கா. முதலாவதை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளப் பாடுபட்டார்கள். மூன்றாவதை யாரும் கேட்கவில்லை. அருட்பிரகாசம் தானாகவே கொடுத்தார்.

அருட்பிரகாசம் சாதாரண மனிதர். இதை அவரிடம் சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டார் என்பது வேறு விஷயம். ஒரு பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காசு வாங்கும் உத்தியோகம். அந்தக் கண்ணாடி நல்ல தடிப்பு, உள்ளே சொல்வது வெளியே கேளாது. வாடிக்கையாளர்கள் அதிர்ஷ்டசாலிகள். கலியாண வீட்டில், செத்த வீட்டில், பிறந்தநாள் கேக் வெட்டும் இடத்தில் அவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவே கண்ணாடி இல்லை.

எண்பத்துநாலாம் ஆண்டு, "ஜெர்மனிக்குக் குறுக்கு வழி" என்று சொல்லி ஏஜென்சிக்காரன் ஒருவன் அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பி, அங்கிருந்து சரக்குக் கப்பலில் ஊஜுங் பண்டாங் என்ற துறைமுகத்தில் இறக்கிவிட்டான். உலகப் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாலும் அது ஜெர்மனிக்குக் குறுக்கு வழி ஆகாது. "இஞ்சை நில்லுங்கோ, ஆள் வரும்" என்றான். அந்த ஆள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார். கையிலிருந்தது கரைந்த பிறகு அருட்பிரகாசம் அரிசி மூட்டைகளோடு மூட்டையாக ஒரு பஸ்ஸில் ஏறி, "இதுக்கு மேலே றோட்டு இல்லை" என்று சாரதி கைவிரித்த இடத்தில் இறங்கினார். நல்ல மழை. லா பெத்து என்ற, நெல் விளைக்கும் கமக்காரர் ஒருவர் வாழையிலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு வந்து எதிரே நின்று ஏதோ கேட்டார். விளங்கவில்லை. ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினார்.

சாப்பிட்டாயா?

அதுவரை அருட்பிரகாசம் எந்த ஊரில் இறங்கினாலும் முதற் கேள்வி "எவடம்? ஆற்றை மகன்?" என்று ஊரையும் தகப்பனையும் விசாரிப்பதாகவே இருந்தது. பதிலைப் பொறுத்துத்தான் தேத்தண்ணீர் எந்தப் பாத்திரத்தில் வரும் என்று முடிவாகும். சாலோபுங்காவில் அதை யாரும் கேட்கவேயில்லை என்று அவர் உருகிச் சொல்வார். "கேட்டிருந்தாலும் உங்களுக்கு விளங்கியிராது" என்பார் அவருடைய மனைவி தவநாயகி.

ஒரு மழைக்காலமும் இரண்டு அறுவடையும் அங்கே இருந்தார். ஆகவே சாலோபுங்காவின் வர்ணனையை அவர் எப்போதும் அதிகாரபூர்வமாகவே தொடங்குவார். கிழக்கே ஏரி, மழை பெய்தால் மேற்கேயும் ஏரி. வீடுகள் எல்லாம் மரத்தூண்களில் ஏறி நிற்கும். கீழே தறி, கோழி, சண்டை போட்டுக்கொண்டு வந்த மருமகன். வெயில் காலத்தில் நெல் விளைந்த வயலில் மழைக்காலத்தில் மீன் விளையும். விதைத்தவன் கலப்பையை வைத்துவிட்டு வலையை எடுப்பான். அரைநாள் தூரத்தில் பட்டு விற்கும் சந்தை. அதற்கு அப்பால் மலை, மலைக்கு அப்பால் அருட்பிரகாசம் போகவில்லை, ஆனாலும் சொல்வார்.

வர்ணனையின் உச்சம் வீடு நடப்பது. அந்த ஊரில் ஒருவன் காணியை மாற்றினால் வீட்டை விட்டுவிட்டுப் போகமாட்டான். தூண்களுக்குக் குறுக்கே மூங்கில்களைக் கட்டுவார்கள். பெண்கள் அரிசிமாவுக்குள் பனங்கட்டி வைத்து உருட்டி, தேங்காய்ப்பூவில் புரட்டிய உருண்டைகளைக் கொண்டுவருவார்கள். ஊரே அதைத் தின்றுவிட்டு, ஊரே மூங்கிலுக்குக் கீழே தோள் கொடுத்து, ஊரே ஒரே குரலில் கூச்சலிட்டுக்கொண்டு வீட்டைத் தூக்கிப் புதுக்காணிக்கு நடத்திச் செல்லும். லா பெத்துவின் வீட்டை அப்படித் தூக்கியபோது அருட்பிரகாசமும் ஒரு மூங்கிலுக்குக் கீழே நின்றார்.

"அண்ணன் தம்பிக்குள்ளை பிரச்சினை வந்தால் எங்கடை ஊரிலை வேலி நகரும், அங்கை வீடு நகரும்" என்று முடிப்பார். முதல் தடவை கேட்பவர்கள் சிரிப்பார்கள். லண்டனில் முதல் தடவை கேட்பவர்கள் எண்பத்தெட்டோடு தீர்ந்துபோனார்கள்.

அவர் எண்பத்தாறில் வந்து சேர்ந்தபோது, குரோய்டனில் அகதி மனுவை விசாரித்த அதிகாரி "எப்படி வந்தீர்?" என்று ஒரு கேள்வி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் ஒரு போத்தல் தண்ணீர் குடித்து முடித்தார். கடைசியில் எல்லோரும் எழுந்தபோது அந்த அறையில் களைப்பில்லாதவர் அருட்பிரகாசம் ஒருவர்தான்.

இப்படியாகச் சரித்திரம் போய்க்கொண்டிருக்கையில் தமிழ்ப் பாடசாலைக்கு ஆபத்து வந்தது.

ஃபாரஸ்ட் கேட்டில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு துண்டு நிலத்தைச் சங்கம் குத்தகைக்கு எடுத்து, சாரணர்கள் கழித்துவிட்ட ஒரு பழைய மரக்கொட்டிலை வாங்கி நிறுத்தியிருந்தது. சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் அங்கே வந்து அ, ஆ படித்து, இடைவேளையில் ஆங்கிலத்தில் சண்டை பிடித்துக்கொண்டு போவார்கள். கொட்டிலை நிறுத்தும்போதே வேலையைக் காட்டிவிட்டார்கள். நிலத்தின் எல்லைக்கு ஒத்து நிறுத்தினால் வாசல் வடமேற்கைப் பார்த்தது. வடமேற்கைப் பார்த்த வாசலுக்குள்ளே பிள்ளைகள் படித்தால் என்ன ஆகும்? சங்கத் தலைவர் அம்பலவாணன், பட்டயக் கணக்காளர், ஒரு திசைகாட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கொட்டிலைச் சரியாகக் கிழக்கே திருப்பிவைத்தார். சரஸ்வதி உள்ளே வந்தாள். பின்மூலை வெளியே போனது. அது போய் நின்ற இடம் கவுன்சிலின் நடைபாதை.

அந்தப் பாதையால்தான் ஃபிராங்க் என்ற வெள்ளைக்காரக் கிழவர் தம் காய்கறிப் பாத்திக்குத் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போவார். ஒரு வருஷம் பொறுத்தார். பிறகு கவுன்சிலுக்குப் போனார். கவுன்சில்காரர் ஒருவர் மரியாதையாக வந்து, மரியாதையாக அளந்து, மாத முடிவுக்குள் கொட்டிலை எடுக்காவிட்டால் மரியாதையாக உடைத்துக்கொண்டு போவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். கிரேன் வரமுடியாது, ஒழுங்கையின் முகப்பில் ரயில் பாலத்து வளைவு தாழ்வாக இருந்தது. கழற்றிப் பூட்டலாம் என்றால் கொட்டிலைச் சேர்த்து வைத்திருந்தது ஆணிகள் அல்ல, பழக்கம். கழற்றினால் விறகுதான்.

நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. அந்தச் சங்கத்தில் பதவியில்லாத உறுப்பினர் எவரும் இல்லாதபடியால் எல்லோரும் வந்தார்கள்.

அருட்பிரகாசம் கையை உயர்த்தினார். "தலைவர், சாலோபுங்காவிலை..."

கூட்டம் முழுவதும் ஒரு பெருமூச்சு ஓடியது.

"ஐசே அருட்பிரகாசம், கொஞ்சம் சும்மா இரும்" என்றார் அம்பலவாணன். "நாங்கள் இஞ்சை கொட்டில் போகுதெண்டு நிக்கிறம். உமக்கு உந்தக் காட்டுக் கதை."

"அதுதான் நானும் சொல்லுறன். கொட்டில் போகட்டும். எங்கடை நிலத்திலையே அந்தப் பக்கம் போகட்டும். ஒரு கிரிக்கெட் பிட்ச் தூரம். தூக்கிக்கொண்டு நடப்பம்."

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. அடங்கியபோது திருச்சிக்காரரான கல்யாணசுந்தரம், கட்டட என்ஜினியர், தம் பேனாவைக் கடித்துக்கொண்டு எழுந்தார். "சிரிக்காதீங்க சார். நான் இப்பதான் கணக்குப் போட்டேன். அறுபது பேர் சேர்ந்தா ஆளுக்கு ஒரு அரிசி மூட்டைகூட வராது. அடியில பைப் கொடுத்துத் தூக்கலாம். ஒண்ணும் ஆகாது."

"ஆமா போடுறதுக்கு எண்டே ஒருத்தர் இந்தியாவிலை இருந்து வந்திருக்கிறார்" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

"ஆமா, வந்திருக்கேன்" என்றார் கல்யாணசுந்தரம், கோபமில்லாமல்.

அம்பலவாணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கழற்றினால் தீர்ப்பு வரும். "சரி. ஞாயிற்றுக்கிழமை தூக்கிப் பாப்பம். திங்கள் காலமை கவுன்சில் லொறி வந்திடும். ஆனால் ஒண்டு. கொட்டில் நடக்கேல்லையெண்டால், இனிமேல் இந்த லண்டனிலை சாலோபுங்கா எண்ட சொல்லு உம்மடை வாயிலை வரக்கூடாது. கலியாண வீட்டிலையும் இல்லை, செத்த வீட்டிலையும் இல்லை. சம்மதமோ?"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சங்கத்தின் வரலாற்றில் ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அது.

அருட்பிரகாசம் மட்டும் கைதட்டவில்லை. வாழையிலைக்குக் கீழே மழையில் நின்ற ஒரு மனிதர் விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோவது அவருக்குத் தெரிந்தது. இந்த எழுபது லட்சம் சனத்துக்குள் அந்த ஊரின் பெயரை நன்றியோடு சொல்லக்கூடிய வாய் ஒன்றுதான் இருந்தது. அதையும் மூடிவிட்டால் அந்த மனிதர் போட்ட சோற்றுக்கு லண்டனில் சாட்சியே இல்லை.

"ஓம், சம்மதம்" என்றார். "நடந்தால் கொட்டிலுக்குச் சாலோபுங்கா மண்டபம் எண்டு பேர் வைக்கவேணும்."

"வைப்பம், வைப்பம்" என்றார் அம்பலவாணன், வைக்க வேண்டிவராது என்ற நிம்மதியில்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே திரண்டது. நகரின் மறுமுனையான மோர்டனிலிருந்துகூட ஒரு வான் நிறைய ஆட்கள் வந்தார்கள். உதவிக்கா, வேடிக்கைக்கா என்பதை அவர்களே தீர்மானித்திருக்கவில்லை. கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை செய்த கஸ்பர் இரும்புக் குழாய்களைக் கொண்டுவந்து, கல்யாணசுந்தரம் காட்டிய இடங்களில் கொட்டிலுக்கு அடியால் செலுத்திப் பூட்டினார். பழைய சேலைகளைச் சும்மாடாகச் சுருட்டி ஒவ்வொருவர் தோளிலும் வைத்தார்கள். காஞ்சிபுரமும் மணிப்புரியும் கணக்காளர்களின் தோளில் ஏறின. தவநாயகியும் மற்றப் பெண்களும் பெரிய அண்டாக்களில் கொழுக்கட்டை அவித்துக்கொண்டிருந்தார்கள். சாலோபுங்கா உருண்டைக்கு யாழ்ப்பாணத்தில் கிட்டின உறவு அதுதான் என்று அருட்பிரகாசம் முடிவு செய்திருந்தார்.

பாடசாலை மணியோடு அவர் ஒரு கதிரையில் ஏறி நின்றார். "ஒருக்கா அடிச்சால் தூக்கு. பேந்து ஒவ்வொரு அடிக்கும் ஒரு எட்டு. நான் அடிக்கிறதை மட்டும் கேளுங்கோ!"

மணி அடித்தது. யாழ்ப்பாணத்தான் இன்னொருவன் அடிக்கும் மணியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சரித்திரம் இல்லை.

"முன்னுக்குத் தூக்குங்கோ!" என்றார் தலைவர்.

"பின்னுக்குத்தான் முதல்!" என்றார் உபதலைவர்.

"வலப்பக்கம் இறக்கு!"

"ஆற்றை வலப்பக்கம்?"

"ஐசே, நான் செயலாளர் சொல்லுறன்!"

"நீர் போன வருசச் செயலாளர்!"

முன்பக்கத்துக்கு ஐந்து தளபதிகள், பின்பக்கத்துக்கு எட்டு. கொட்டில் ஒரு மூலையால் எழும்பி, மறு மூலையால் மறுத்து, சற்று நேரம் யோசித்துவிட்டு, இருந்த இடத்திலேயே தொம்மென்று உட்கார்ந்தது. உள்ளே கரும்பலகை விழும் சத்தம் கேட்டது. அம்பலவாணனின் புதுச் சப்பாத்து ஒன்று குழாய்க்குக் கீழே அகப்பட்டது. காலைச் சரியான நேரத்தில் உருவிவிட்டார். தலைமைப் பதவிக்கு வந்த பிறகு அவர் காட்டிய முதற் சுறுசுறுப்பு அது.

இன்னும் இரண்டு தரம் முயன்றார்கள். மூன்றாந்தரம் கொட்டில் நகர்ந்தது, ஆனால் ஃபிராங்கின் பக்கமாக.

"போதும்" என்றார் அம்பலவாணன், ஒற்றைச் சப்பாத்தோடு. "கேட்டீரோ அருட்பிரகாசம், சாப்பாட்டுக்குப் பிறகு ஒருக்காப் பாப்பம். அதோடை முடிஞ்சுது. வாக்கு வாக்குத்தான்."

அருட்பிரகாசம் அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மனைவிக்கே பயம் வந்துவிட்டது.

"என்னப்பா, பாரமோ?" என்றார் தவநாயகி.

"பாரம் இல்லை. வாய்."

தவநாயகி அகப்பையால் மூடியைத் தள்ளினார். அப்பால் அறுபது பேர் நின்று, யாருடைய பிழை என்று ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருந்தார்கள். "கொழுக்கட்டை ஆறுது. கொண்டுபோய்க் குடுங்கோ. தின்னேக்குள்ளையாவது உதுகள் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கும்."

அருட்பிரகாசம் மெதுவாக எழுந்தார். முதலில் மனைவியைப் பார்த்தார். பிறகு அண்டாவைப் பார்த்தார். பிறகு அண்டாவைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கதிரையில் ஏறி நின்று, செத்த வீட்டில் தேவாரம் தொடங்குபவரின் குரலில் சொன்னார்: "ஒரு முக்கியமான விசயத்தை நான் சொல்லாமல் விட்டிட்டன். சாலோபுங்காவிலை வீடு தூக்கேக்கை ஒரு நேர்த்திக்கடன் இருக்கு. ஆளுக்கொரு உருண்டை வாயிலை வைக்கவேணும். முழுசா. வீடு புது நிலத்திலை இருக்கிற வரைக்கும் கடிக்கக்கூடாது, விழுங்கக்கூடாது, வாய் திறக்கவும் கூடாது."

"கடிச்சால்?" என்றார் உபதலைவர்.

அருட்பிரகாசம் கூட்டத்தை ஒருமுறை முழுவதுமாகப் பார்த்தார். மேலே ஒரு ரயில் போகும்வரை பொறுத்தார்.

"கடிக்கிறவன்ரை பிள்ளைக்கு மெடிசின் கிடையாது."

சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் ஏஜென்சிக்காரனையும் எதிர்த்து நின்ற ஒரு சமூகம் அந்த ஒரு வசனத்துக்கு முன்னால் தலை குனிந்தது.

"எஞ்சினியரிங்?" என்று ஒருவர் கேட்டார்.

"அதுவும்தான்."

வரிசையில் வந்து, பிரசாதம் போல இரண்டு கையாலும் வாங்கி, கொழுக்கட்டையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். அம்பலவாணனின் கன்னங்கள் பூரி போல உப்பின. அவருக்கு ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சைக்குப் படிக்கும் மகன் ஒருவன் இருந்தான். பிள்ளையில்லாத கல்யாணசுந்தரமும், "எதுக்கும் இருக்கட்டும் சார், அடுத்த மாசம் கல்யாணம்" என்று சொல்லி வாயைத் திறந்தார்.

வேலிக்கு அப்பால் நின்று பார்த்த ஃபிராங்குக்குப் பொறுக்கவில்லை. பின்மூலையில் ஓர் ஆள் குறைவு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தள்ளுவண்டியை விட்டுவிட்டு வந்து குழாய்க்குக் கீழே நின்றார். கஸ்பர் ஒரு கொழுக்கட்டையை நீட்டி, நேர்த்தியை விளக்கினார். கிழவரின் பிள்ளைகள் எப்போதோ படித்து முடித்துவிட்டார்கள். கஸ்பர் சற்று யோசித்து, கடித்தால் பாத்தியில் லீக்ஸ் முளைக்காது என்றார். ஃபிராங்க் தொப்பியைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டார்.

மணி ஒருமுறை அடித்தது.

கொட்டில் எழுந்தது.

ஒரு மூலை முந்தவில்லை, ஒரு மூலை பிந்தவில்லை. கூரை, யன்னல், சுவரில் ஒட்டியிருந்த திருவள்ளுவர், மெய்யெழுத்து அட்டை எல்லாமாக, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு எழுந்து நின்றது. கட்டளையிட அறுபது நாக்குகள் துடித்தன. அறுபது கொழுக்கட்டைகள் அவற்றை அமுக்கிப் பிடித்தன. மணி அடித்தது, ஓர் எட்டு. அடித்தது, ஓர் எட்டு. போன வருடச் செயலாளரும் இந்த வருடச் செயலாளரும் ஒரே குழாயின் கீழே ஒரே காலை எடுத்து வைத்தார்கள். அம்பலவாணன் "ம்ம்! ம்ம்ம்!" என்று ஏதோ உத்தரவிட்டார். என்ன உத்தரவு என்று தெரியாதபடியால் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

பெண்கள் அகப்பைகளோடு ஓடிவந்து இரு பக்கமும் நின்றார்கள். குலவையிடத் தெரிந்த ஒரேயொருவர், மட்டக்களப்புக்காரி பாலாம்பிகை, குலவையிட்டார். மேலே போன ரயில் மெதுவாகப் போனது. அதன் யன்னல்களில் முகங்கள். ஒரு பாடசாலை, கால் முளைத்து, சேலைச் சும்மாடு கட்டி, ஃபாரஸ்ட் கேட் வழியாகக் கிழக்குப் பார்த்த வாசலோடு நடந்து போவதை அவர்கள் கண்டார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருந்தாலும் யாரும் நம்பியிருக்கப் போவதில்லை. அருட்பிரகாசத்துக்கு அந்த நிலை பழக்கமானது.

வயலில்லை, ஏரியில்லை, மூங்கிலில்லை. இருந்தாலும் கதிரையைவிட்டு இறங்கிப் பின்பக்கமாக நடந்து நடந்து மணி அடித்த அருட்பிரகாசத்துக்கு, குழாய்க்குக் கீழே வியர்த்து வழிந்த அத்தனை முகங்களும் சாலோபுங்கா முகங்களாகவே தெரிந்தன. கன்னம் உப்பியிருந்ததால் அடையாளம் கொஞ்சம் மாறியும் இருந்தது.

கடைசி மணி இரட்டையாக அடித்தது. கொட்டில் புது இடத்தில், பூனை குந்துவது போலக் குந்தியது. கல்யாணசுந்தரம் மட்டக்கோலை வைத்துப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அறுபது வாய்கள் ஒரே நேரத்தில் மென்றன; விழுங்கின. பிறகு எழுந்த ஆரவாரத்துக்குப் பக்கத்து ஒழுங்கை நாய்கள் எல்லாம் பதில் சொல்லின.

அந்த ஆரவாரத்தில் முதலில் தெளிவாகக் கேட்ட சொல் அம்பலவாணனுடையது. மனிதர் பேச்சாளர்தான், ஆனால் வாக்கு மாறாதவர். சப்பாத்தில்லாத காலோடு படியில் ஏறி, மேலே கையை உயர்த்தி, "சாலோபுங்கா மண்டபம்!" என்று கத்தினார். அருட்பிரகாசம் அல்லாத ஒரு வாய் அந்தப் பெயரை லண்டனில் சந்தோஷமாகச் சொன்னது அதுவே முதல் தடவை. அறுபது பேரும் திருப்பிக் கத்தினார்கள். அருட்பிரகாசம் மணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மணி ஒலிக்காதபடி அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் கவுன்சில்காரர் லொறியோடு வந்தபோது நடைபாதையில் ஃபிராங்க் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போனார். அதிகாரி தரையில் டயர் அடையாளம் தேடினார். சப்பாத்து அடையாளங்கள்தான் இருந்தன, ஏராளமாக. எப்படி எடுத்தார்கள் என்று கேட்டதற்கு, "நடந்து போனது" என்றார் ஃபிராங்க். அந்த வருடம் அவருடைய லீக்ஸ் கையளவு தடித்ததாகச் சொல்கிறார்கள்.

தொண்ணூற்றாறில் அம்பலவாணனின் மகனுக்கு மெடிசின் கிடைத்தது. அதற்குப் பையன் இரவு பகலாகப் படித்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. அதன் பின்னர் தமிழ் லண்டனில் யார் எதைத் தூக்கினாலும், பியானோவோ, குளிர்சாதனப் பெட்டியோ, முதலில் கொழுக்கட்டை அவித்தார்கள்.

தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கோடையில் மோர்டனில் ஒரு கலியாணம். புதிதாக லண்டன் வந்திருந்த ஒருவரை அம்பலவாணன் மூலையில் மடக்கிப் பிடித்திருந்தார். "கிழக்கை ஏரி, தம்பி. மழை பெய்தால் மேற்கையும் ஏரி. அங்கை ஒரு நேர்த்தி இருக்கு, கேட்டீரோ..." அந்தப் புதியவரின் கண்கள் வாசலைத் தேடின. அருட்பிரகாசம் பக்கத்து மேசையில் பந்தியில் இருந்தபடி, முன்பு தம்மைப் பார்த்து எல்லோரும் விட்ட அதே பெருமூச்சைக் கேட்டு, மகாராஜா போல மகிழ்ந்திருந்தார்.

தவநாயகி அவர் பக்கமாகச் சரிந்தார். "இஞ்சாருங்கோ, இத்தனை வருசமாய்க் கேக்கவேணும் எண்டு நினைக்கிறன். நீங்கள் எனக்குச் சொன்ன கதையிலை அந்தச் சனம் தின்னுபோட்டு, கத்திக்கொண்டெல்லோ தூக்கினது. உந்த வாய்க்குள்ளை வைக்கிற நேர்த்தி எப்ப வந்தது?"

அருட்பிரகாசம் மனைவியை அன்போடு பார்த்தார். இலையிலிருந்த லட்டை முழுசாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, கடிக்காமல், தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டினார்.